கொப்பியில் எழுதியும் நிற்காத சொற்கள்

வணக்கம் அண்ணா,

உயர்தரம் வரை தமிழில் படித்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். தினமும் ஆங்கிலப் பேப்பரின் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து, தெரியாத சொற்களைக் கொப்பியில் எழுதுகிறேன். அடுத்த கிழமை ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. கதைப்புத்தகம் வாசித்தால் சரிவருமா?

– முதலாம் வருட மாணவி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

அன்புள்ள தங்கைக்கு,

தலையங்கத்தை இப்போதைக்கு விடுங்கள். இன்று வரவுசெலவுத் திட்டம், நாளை மீன்பிடி என்று விஷயம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று எழுதிய சொல் மாதக்கணக்கில் திரும்பி வராது. திரும்பத் திரும்பக் கண்ணில் படாத சொல் எப்படி நிற்கும்?

கதைப்புத்தகம் நல்லதுதான், ஆனால் பாடத்துக்குரிய சொற்கள் அதில் கிடைக்காது. மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உண்டு. பல்கலைக்கழகப் பாடநூல்களிலும் ஆய்வுக்கட்டுரைகளிலும் நூற்றுக்குப் பத்துச் சொல் அளவில் அவைதான். கதைகளில் நூற்றுக்கு ஒன்றரைகூட வராது. கதை தருவது வாசிப்பு வேகமும் அன்றாடப் பேச்சும். அதற்காக இரவில் அரை மணித்தியாலம், எளிமைப்படுத்திய கதைகளாகப் பார்த்து வாசியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 250 சொல் கொண்ட பக்கத்தில் தெரியாதவை ஐந்தைத் தாண்டினால் இன்னும் எளிய புத்தகத்துக்கு இறங்குங்கள். பன்னிரண்டு வந்தால் அகராதி இல்லாமல் நகராது, வேகம் செத்துவிடும்.

பாடத்துக்கு வழி வேறு. ஒரு தலைப்பைப் பிடித்து இரண்டு கிழமை அதிலேயே நில்லுங்கள். டெங்கு என்று வைப்போம். முதலில் பொதுமக்களுக்கான சுகாதாரத் துண்டுப்பிரசுரம், பிறகு பாடநூலின் அத்தியாயம், கடைசியாக ஓர் ஆய்வுக்கட்டுரையின் சுருக்கம். பிரசுரத்தில் நோய் 'ஸ்பிரெட்' ஆகும். பாடநூலில் நுளம்பு அதை 'டிரான்ஸ்மிட்' செய்யும், புதிய சொல்லுக்குப் பக்கத்திலேயே வரைவிலக்கணமும் இருக்கும். ஆய்வுச் சுருக்கத்தில் வினையே பெயராகி 'டிரான்ஸ்மிஷன்' என்று நிற்கும். விஷயம் ஏற்கனவே தெரிந்ததால் மூன்றாவதை வாசிக்கும்போது சொல் மட்டும்தான் புதிது. ஆய்வுக்கட்டுரையில் நேரே குதிப்பவர்களுக்கு விஷயமும் விளங்காது, சொல்லும் விளங்காது.

ஒரு சொல்லை இரண்டு இடத்தில் கண்ட பிறகே கொப்பியில் ஏற்றுங்கள். அது வந்த வாக்கியத்தையும், அதன் வினை, பெயர், பெயரடை வடிவங்களையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

பேப்பரை விட மனமில்லை என்றால் ஒரே செய்தியை ஐந்தாறு நாள் தொடருங்கள். செய்தித் தலைப்புகளில் மட்டும் எச்சரிக்கை: விசாரணைக்கு 'ப்ரோப்' (probe), முயற்சிக்கு 'பிட்' (bid) என்று இடம் மிச்சம்பிடிக்கப் போடும் குட்டைச் சொற்களைச் சோதனை விடைத்தாளில் பாவிக்க வேண்டாம்.