ஏடிஹெச்டிக்கு (கவனம் ஒரு இடத்துல நிக்காம சிதறுற கோளாறு) மாத்திரைக்குப் பதிலா உடற்பயிற்சி மட்டும் போதுமா?

கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனியில கொட்டேஷன் போடுற வேலை, வயசு 34, ஜிம்முக்குப் பணம் கட்டி மூணே வாரத்துல நின்னுபோச்சுன்னு கேட்டிருக்கீங்க. பதிலா ஆகாதுங்க, மாத்திரையோட துணைக்கு வரும். "நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாயிரும்"னு சொல்ற ஆளுகளோட என்னையும் சேர்த்துடாதீங்க. ஆராய்ச்சி குழந்தைகள்கிட்டதான் அதிகம் நடந்திருக்கு. பெரியவங்ககிட்ட இதுவரைக்கும் தெரிய வந்த பலன் அளவானதுதான்.

அந்த அளவான பலனையும் நேரம் தெரியாம வீணாக்குறாங்க, அதுதான் வருத்தம். மூச்சு வாங்க 20–30 நிமிஷம் செஞ்சா மூளையில கவனத்துக்கு உதவுற டோபமின், நார்அட்ரினலின்ங்கற ரசாயனங்களோட வேலை கூடும். முடிச்ச பிறகு ஒரு மணி நேரம் போல கவனம் கொஞ்சம் நிக்கும். பொழுதோட ஜிம்முக்குப் போனா அது டிவி முன்னாடி கரைஞ்சுரும். அதனால வெடியால, உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான வேலைக்கு முன்னாடி வைங்க. முடிச்சதும் போனைத் தொடாம அந்த கொட்டேஷன்லயே உட்காருங்க. ராத்திரி தூக்கம் தள்ளிப்போற ஆளா இருந்தா வெடியால எந்திரிக்கவே முடியாது. அப்ப மத்தியானம் ஆபீஸ் மாடிப்படி 10 நிமிஷம் ஏறி இறங்குங்க.

வேகம்: பேச முடியணும், பாட முடியக்கூடாது. உங்க வயசுக்கு நாடித்துடிப்பு 120–140.

நேரக்கணக்கு தவறுறதுதான் ஏடிஹெச்டி இருக்கற நமக்குப் பெரிய எதிரி. "அரை மணி நேரம் நடப்போம்"னு கிளம்பாதீங்க, சுத்து வெச்சு நடங்க. நம்ம கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுத்து சுமார் 2.5 கிலோமீட்டர், விறுவிறுன்னு நடந்தா 25 நிமிஷம். கடிகாரமே வேண்டாம், கிளம்பின இடம் வந்தா முடிஞ்சது. சலிப்பு வந்தா விடாதீங்க, மாத்துங்க: ஷட்டில் டபுள்ஸ், சிலம்பம், நீச்சல். டபுள்ஸ்ல நீங்க வரலைன்னா மத்த மூணு பேர் ஆட்டமும் கெட்டுரும், போன் வந்துரும். சிலம்பத்துல அடுத்த வீச்சை யோசிச்சாத்தான் கம்பு சுத்தும், மனசு வெளிய போகாது.

   

முதல் வாரமே பத்து கிலோமீட்டர் ஓடிச் சில பேர் முழங்காலைக் கெடுத்துக்கறாங்க. வாரம் மூணு நாள்ல தொடங்கி, மெதுவா வாரம் 150 நிமிஷத்துக்குக் கொண்டுவாங்க. துணி, ஷூ ராத்திரியே கதவோரம் இருக்கட்டும். வெடியால தேட ஆரம்பிச்சா அன்னைக்கு அவ்வளவுதான். கடும் பயிற்சியைப் படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே முடிச்சிருங்க.

ஏடிஹெச்டிக்குக் குடுக்கற மாத்திரைகளான மெத்தில்ஃபெனிடேட், அடமாக்ஸெட்டின் ரெண்டுமே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும், பசியையும் குறைக்கும். வெறும் வயித்துல ஓடினா தலை சுத்தலாம். ஒரு வாழைப்பழமோ ஒரு டம்ளர் கம்பங்கூழோ சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. தொடங்குறதுக்கு முன்னாடி பிபி பாத்து மருத்துவர்கிட்ட கேட்டுக்கங்க. நெஞ்சு வலி, மயக்கம், அடங்காத படபடப்பு வந்தா அந்த இடத்துலயே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.