சாஷிகோ: கிழிசலும் சில கேள்விகளும்

ஜீன்ஸ் முட்டியில் நான்கு விரல் அகலக் கிழிசல். சாஷிகோ (துணியை வலுவாக்கும் ஜப்பானிய ஓட்டுத் தையல்) போட எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீரிலிருந்து. ஜீன்ஸையும் ஒட்டுத் துணியையும் அலசி உலர்த்துங்கள். அலசாத பருத்தி ஒட்டு முதல் சலவையிலேயே சுருங்கி, தைத்த இடத்தையும் சேர்த்துச் சுருட்டிவிடும். ஒட்டு, கிழிசலைவிட நாலா பக்கமும் 3 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். உள்பக்கம் வையுங்கள், பாவு (நீள இழை) பாவோடும் ஊடை (குறுக்கு இழை) ஊடையோடும் சேர வேண்டும். ஒட்டாக இன்னொரு ஜீன்ஸ் துண்டு வேண்டாம், ஊசி ஏறாது. மெல்லிய காடா போதும். நகராதபடி பெரிய பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ளுங்கள். காலுக்குள் கெட்டி அட்டை ஒன்றைச் செருகுங்கள், இல்லாவிட்டால் முன்காலும் பின்காலும் சேர்ந்து தைபடும்.

வரிக்கு வரி 5 மி.மீ. இடைவெளி. எல்லா வரிகளையும் ஒரே கோட்டில் நிறுத்தாதீர்கள். ஒன்று நல்ல துணிக்குள் 1 செ.மீ. போகட்டும், அடுத்தது 2 செ.மீ. துளைகள் ஒரே வரிசையில் விழுந்தால், தபால்தலை ஓரம் போலத் துணி அங்கேயே கிழியும். 15 செ.மீ. சதுரத்தைக் குறுக்கும் நெடுக்கும் தைக்க ஏறத்தாழ 12 மீட்டர் நூல் ஆகும். 20 மீட்டர் சிட்டம் ஒன்று தாராளம்.

வீட்டில் எம்ப்ராய்டரி நூல் நிறைய இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பழகுவதற்குச் சரி. முட்டிக்குக் கூடாது. அந்த ஆறு இழையும் முறுக்கில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பவை. உரசினால் தனித்தனியாகப் பிரிந்து நகத்தில் மாட்டும். சாஷிகோ நூல் பல இழைகளை ஒன்றாக முறுக்கியது, பளபளப்பு இல்லாதது, பிரியாது. கிடைக்காவிட்டால் முறுக்கு நூலான பேர்ல் காட்டன் 8-ஆம் எண் வாங்குங்கள். ஊசி 5 செ.மீ. நீளமாவது வேண்டும், காது பெரிதாக இருக்க வேண்டும்.

சீராகத்தான் தைக்கிறேன். ஆனாலும் துணி அப்பளம் போல நெளிகிறது. நூல் மட்டமா?

நூல் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் இழுக்கிறீர்கள். சாஷிகோவில் ஊசி அதிகம் அசையாது. துணியை மேலும் கீழும் மடித்து ஊசியில் ஏற்ற வேண்டும். நாலைந்து தையல் சேர்ந்ததும் விரலில் மாட்டி உள்ளங்கையில் பதியும் வில்லையால் ஊசியைத் தள்ளுங்கள். நூல் வெளியே வந்ததும் தைத்த வரியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, தொடங்கிய இடத்திலிருந்து ஊசிப் பக்கமாக நீவிவிடுங்கள். இதற்கு ‘இதோ-ஷிகோகி’ என்று பெயர். ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், ஞாபகம் வந்தபோது மட்டும் அல்ல. வரி திரும்பும் இடத்தில் பின்பக்கம் சின்னக் கண்ணி அளவுக்கு நூலைத் தளர விடுங்கள். நூலை இழுக்காதீர்கள், துணியை நீவுங்கள்.

முடிச்சுப் போடலாமா?

வேண்டாம். மூன்று தையல் பின்னோக்கிப் போய், அதே துளைகளின் மேல் திரும்பி வாருங்கள். முடிச்சு முட்டியில் உறுத்தும், துவைக்கும்போது துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

அசனோஹா என்ற நட்சத்திர வடிவத்தின் நடுவில் கட்டி போலப் புடைக்கிறது.

கோடுகள் கூடும் இடத்தில் எல்லா நூலையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறீர்கள். மையம் காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் தையலும் அதற்கு ஓர் இழை முன்பே முடிய வேண்டும். முன்பக்கத் தையல் அரிசி அளவு, பின்பக்கம் அதைவிடக் கொஞ்சம் குட்டை: மூன்றுக்கு இரண்டு என்று வையுங்கள்.

புது ஜீன்ஸை நானே பிளேடால் கிழித்து ‘போரோ’ செய்யப் போகிறேன். எந்த நிற ஒட்டு எடுபடும்?

எதுவும் எடுபடாது. போரோ என்றால் கந்தல். கந்தலைக் கடையில் வாங்கி, பிறகு கிழிக்கிறவருக்கு நிறம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானின் முக்கியத் தீவான ஹொன்ஷுவின் வடகோடியில் அவோமோரி. அந்தக் குளிரில் பருத்தி விளையாது. குடியானவர்கள் உடுத்தியது ‘அசா’ என்ற நார்த்துணி, காற்றை அப்படியே உள்ளே விடும். 1724-இல் அங்கே ட்சுகரு பகுதியின் ஆட்சியாளர்கள் சிக்கன ஆணை போட்டு, உழவர்கள் பருத்தி ஆடை அணியத் தடை விதித்தார்கள். பின்னால் பருத்தி வந்ததும் பழந்துணியாகத்தான். ஒசாகா பக்கத்திலிருந்து கிதமாயே என்ற சரக்குக் கப்பல்களில் வந்த கிழிந்த துண்டுகள். கையளவு துண்டைக்கூட எறியவில்லை. அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டார்கள். நெசவின் ஓட்டைகளை நூல் அடைத்தது, குளிர் குறைந்தது. தனகா சூசபுரோ என்ற நாட்டுப்புற ஆய்வாளர் வீடு வீடாகப் போய் இவற்றைத் திரட்டினார். அந்தப் பகுதியின் சாஷிகோ உடைகள் ஏறத்தாழ 800, 1983-இல் நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒரு தையல்கூட அழகுக்காக மட்டும் போடப்பட்டதில்லை.

பண்பாட்டை விடுங்கள், வேலைக்கும் ஒத்துவராது. பிளேடு வெட்டைச் சுற்றிப் புது டெனிம் விறைப்பாக நிற்கும். மெல்லிய ஒட்டு அதனோடு படியாது, தையல் மேலே மிதக்கும். தேய்ந்த துணியோ ஊசிக்கு இடம் கொடுக்கும். அந்த ஜீன்ஸை இரண்டு மூன்று வருடம் போடுங்கள். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் ஓட்டை விழும் முன்பே தையுங்கள். சாஷிகோவின் முதல் வேலையே வலுவூட்டல்தான்.

டி-ஷர்ட்டில் போடலாமா?

பின்னல் துணி இழுபடும், இந்தத் தையல் இழுபடாது. ஒரு மாதத்தில் நூல் அறும்.

கோகினும் சாஷிகோவும் ஒன்றா?

ஒரே குடும்பம். ட்சுகரு பகுதியின் கோகினில் துணியின் இழைகளை எண்ணித் தைப்பார்கள், ஒற்றைப்படையில். பக்கத்து நன்பு பகுதியின் ஹிஷிசாஷியில் இரட்டைப்படை. எண்ணப் பொறுமை இல்லாவிட்டால் இரண்டையும் தொடாதீர்கள்.

இஸ்திரி போட்டால் அழியும் பேனாவில் கட்டம் போட்டேன். நல்லதுதானே?

சூட்டில் மறையும் மை, கடுங்குளிரில் திரும்பி வரலாம். கருநீலத் துணிக்குத் தையற்காரர் சாக்கட்டி போதும். தண்ணீரில் கரையும் பேனா என்றால், அலசும் முன் இஸ்திரி வைக்காதீர்கள், கோடு நிலைத்துவிடும்.

முதல் சலவையில் என் வெள்ளைத் தையல் எல்லாம் நீலமாகிவிட்டது. என்ன செய்ய?

அலசாமல் தைத்திருக்கிறீர்கள். முதல் பதிலின் முதல் சொல்லைப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை குளிர்ந்த நீரில் அலசிய பிறகே ஊசியைத் தொட வேண்டும். இப்போது ப்ளீச் ஊற்றினால் ஜீன்ஸும் வெளுக்கும். அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், இளநீலமும் நன்றாகத்தான் இருக்கும்.