காலில் ராடு வைத்த பிறகு ஊன்றலாமா, அசையாமல் இருக்க வேண்டுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஊரில் எங்கள் அப்பச்சிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். டாக்டர் 20 கிலோ வரை ஊன்றச் சொல்கிறார். வீட்டு ஆச்சிமார் அசையவே கூடாது என்கிறார்கள். எது சரி?

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். எலும்பு கூடுவதற்கு அளவான அசைவு வேண்டும்.

முறிந்த இடைவெளி அசையும்போது எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதுதான் கணக்கு. எலும்பு கூடுவதை ஆராய்ந்த ஸ்டீபன் பெர்ரன் வகுத்த விதிப்படி முதலில் வரும் இளந்திசு 100 சதவீதம் வரை தாங்கும், குருத்தெலும்பு 10, முதிர்ந்த எலும்பு 2 மட்டுமே. 1 மி.மீ. இடைவெளியில் 0.1 மி.மீ. அசைந்தால் 10 சதவீதம். அங்கே நேரடியாக எலும்பு பிடிக்காது. 5 மி.மீ. இடைவெளியில் அதே அசைவு 2 சதவீதம்தான். முனைகளை நெருக்கிப் பிளேட் போட்டவரையும் ராடு போட்டவரையும் ஒப்பிடக்கூடாது என்பது இதனால்தான். ராடு போட்ட காலில் முறிவைச் சுற்றிக் காலஸ் (முனைகளை இணைக்கும் புதுத்திசு) திரளும். அது பருக்கப் பருக்க அசைவு குறைந்து, குருத்தெலும்பு எலும்பாகிறது. குட்ஷிப், கென்ரைட் என்ற ஆய்வாளர்கள் 1985இல் செம்மறியாட்டுக் காலில் 3 மி.மீ. இடைவெளி விட்டு, நாளுக்கு 17 நிமிடம் மட்டும் 1 மி.மீ. அளவுக்கு அசைத்தார்கள். அசையாமல் இறுக்கியதைவிட அது நன்றாகக் கூடியது.

ஆனால் நெடுக்காக இறங்கும் அழுத்தம்தான் நல்லது. முறுக்கு கெடுதல். திரும்பும்போது பாதத்தை ஊன்றியபடி உடம்பைச் சுழற்ற விடாதீர்கள். சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்பட்டும். எண்ணெய் போட்டு நீவுவது, தப்பை வைத்துக் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

20 கிலோவைக் குத்துமதிப்பாக ஊன்றினால் பெரும்பாலும் அளவை மீறிவிடும். முள் உள்ள எடை மெஷினில் முறிந்த காலையும், அதே உயரப் பலகையில் நல்ல காலையும் வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு முள் 20ஐத் தொடும்வரை அழுத்தச் சொல்லுங்கள். பலகை இல்லாவிட்டால் இடுப்பு சாய்ந்து அளவு தப்பும். டிஜிட்டலில் பலவற்றில் எண் உறைந்துவிடும். தினமும் நடக்கும்முன் ஒருமுறை பழகட்டும்.

வளவிலிருந்து (வீட்டின் முற்றப் பகுதி) பின்னாலுள்ள இரண்டாங்கட்டுக்குப் போகும் உயரமான நிலைப்படிதான் எனக்குக் கவலை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முறிந்த கால் முதலில். பக்கத்தில் ஆள் வேண்டும். முடிந்தால் படுக்கையையே கழிப்பறை இருக்கும் கட்டுக்கு மாற்றுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும், வாக்கர் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

அடுத்த எக்ஸ்ரேயில் காலஸ் நிறையத் திரண்டும் முறிவுக்கோடு மறையவில்லை என்றால் அசைவு அதிகம். காலஸே இல்லையென்றால் ரத்த ஓட்டம், சர்க்கரை, புகைப்பழக்கம், கிருமித்தொற்று இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.