பழைய சமையலறையில் மின்சார அடுப்பு: பதில் சுவருக்குள் இருக்கிறது

வாசகர் கேள்வி: எங்கள் வீடு கட்டி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சமையலறையில் ஒரே ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட். இப்போது மேலே நான்கு தட்டு, கீழே ஓவன் உள்ள மின்சார அடுப்பு ஒன்று வாங்கியிருக்கிறோம். பின்னால் உள்ள லேபிளில் 7.4 கிலோவாட் என்று இருக்கிறது. அதோடு ஒயரோ பிளக்கோ வரவில்லை. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "இந்த 15 ஆம்பியர் பாயிண்டிலிருந்தே நேராகக் கொடுத்துவிடலாம், ஃபியூஸ் கம்பியை மட்டும் தடியாகப் போட்டால் போதும்" என்கிறார். செய்யலாமா? இதற்கு மூன்று ஃபேஸ் இணைப்பு கட்டாயமா?

மூன்று ஃபேஸ் கட்டாயமில்லை. ஆனால் அந்த 15 ஆம்பியர் பாயிண்டிலிருந்து கொடுக்கவே கூடாது. மெயின் போர்டிலிருந்து இந்த அடுப்புக்கென்றே தனி லைன் இழுக்க வேண்டும். ஃபியூஸ் கம்பியைத் தடியாக்கும் யோசனையை அப்படியே மறந்துவிடுங்கள்.

கணக்கு எளிது. 7400 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 32 ஆம்பியர். உங்கள் பாயிண்ட் அதில் பாதியைத்தான் தாங்கும். அதற்குப் போகும் ஒயர் அந்தக் காலத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். இருந்தாலே பெரிய விஷயம். ஃபியூஸ் இருப்பது அடுப்பைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்ற. கம்பியைத் தடியாக்கினால் ஃபியூஸ் உருகாது, அவ்வளவுதான். அது உருகவேண்டிய நேரத்தில் ஒயரின் மேலுறை உருகும். போதாததற்கு, கையால் கம்பி கட்டும் பழைய ஃபியூஸ் கட்டைகள் சொன்ன ஆம்பியரில் உருகுவதுமில்லை. 30 ஆம்பியர் கம்பி சட்டென்று போக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும்.

"நான்கு தட்டும் ஓவனும் ஒரே நேரத்தில் ஓடப்போவதில்லையே" என்று யாராவது சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அணைக்கும், பிறகு போடும். சில நாடுகளின் ஒயரிங் விதிகளே இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, வீட்டு அடுப்புக்கு முதல் 10 ஆம்பியரை முழுதாகவும் மீதியில் 30 சதவீதத்தையும் மட்டும் வைக்கச் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் உங்கள் அடுப்புக்கு 17 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கணக்கு வீட்டின் மொத்த லோடைக் கூட்டிப் பார்க்க உதவும். ஒயரை ஒல்லியாக்க அதைச் சாக்காகப் பிடிப்பதை நான் ஏற்பதில்லை. வீட்டில் கூட்டம் கூடும் ஒரு நாளில் நான்கு தட்டும் ஒரு மணி நேரம் ஓடத்தான் செய்யும்.

சரி, ஒயரைவிட எனக்கு அதிகம் பயம் தருவது ஜாயிண்டுகள். ஒரு ஸ்குரூ கொஞ்சம் தளர்ந்து, அந்த இடத்தில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு ஆம்பியர் ஓடும்வரை அங்கே உண்டாகும் சூடு 0.1 வாட். யாருக்கும் தெரியாது. அதே இடத்தில் 30 ஆம்பியர் ஓடினால் 90 வாட். கரண்ட் முப்பது மடங்கு ஏறினால் சூடு தொள்ளாயிரம் மடங்கு ஏறும். சாதாரண சால்டரிங் அயர்ன் ஒன்று 25 முதல் 60 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை சுவிட்ச் பாக்ஸுக்குள் வைத்து மூடியதைப் போல ஆகிவிடும். நாற்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்று பழைய ஒயரிங்கை நம்புகிறோம். அந்த ஜாயிண்டிடம் இதுவரை யாரும் 30 ஆம்பியர் கேட்கவில்லை, அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை.

ஃபியூஸுக்குப் பதிலாக இப்போது போர்டில் வைக்கும் எம்சிபி சுவிட்சும் இதில் உதவாது. கரண்ட் அளவுக்கு மேல் போனால்தான் அது டிரிப் ஆகும். லூஸ் காண்டாக்டில் கரண்ட் கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது. என் வீட்டிலேயே ஒரு தடவை சமையலறைப் பக்கம் மீன் கவிச்சி மாதிரி வாடை வந்தது. இரண்டு நாள் சிங்க்கையும் குப்பைக் கூடையையும் கழுவித் தள்ளினோம். மூன்றாம் நாள் வாட்டர் ஹீட்டர் சுவிட்ச்மேல் கை பட்டபோதுதான் புரிந்தது. மெயினை அணைத்துக் கழற்றிப் பார்த்தால் பித்தளை டெர்மினல் நிறம் மாறிக் கிடக்கிறது, ஒயரின் மேலுறை அரை விரல் நீளத்துக்குக் கருகியிருக்கிறது, ஸ்குரூ கையாலேயே சுற்றுகிறது. எம்சிபி கடைசிவரை விழவே இல்லை. பிளாஸ்டிக் சூடாகும்போது அந்த மாதிரி வாடை வருவதுண்டு. உங்கள் வீட்டில் அது வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவிட்ச் போர்டை.

இனி புது லைன். 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், 32 ஆம்பியர் எம்சிபி. இதுதான் உங்கள் அடுப்புக்கு என் பரிந்துரை. 4 ஸ்கொயர் போதும் என்று சிலர் சொல்வார்கள். பைப்புக்குள் ஓடும் 4 ஸ்கொயர் பிவிசி ஒயர் 30 டிகிரி வெப்பத்தில் 32 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணையில் இருப்பது உண்மைதான். ஆனால் சுற்றுப்புறம் 40 டிகிரிக்குப் போனால் அது 28 ஆம்பியருக்கு இறங்கிவிடும். 6 ஸ்கொயரோ 41-லிருந்து 35-க்கு இறங்கும், அப்போதும் 32-ஐ விட மேலே நிற்கும். அதே பைப்பில் வேறு லோடு ஒயர்களையும் திணித்தால் இன்னும் குறையும், அதனால் தனி பைப். அடுப்பு இழுப்பதைவிட எம்சிபி குறையக் கூடாது, எம்சிபியைவிட ஒயர் தாங்குவது குறையக் கூடாது. எலக்ட்ரீஷியன் எந்த அளவைச் சொன்னாலும் இதை வைத்துச் சரிபாருங்கள். எம்சிபியும் ஒரு ஆம்பியர் கூடினதும் விழுந்துவிடாது. 32 ஆம்பியர் எம்சிபியில் 36 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது பேசாமல் இருக்கும்.

பழைய ஒயர் அலுமினியமாக இருந்தால் அதோடு புது லைனை எந்த இடத்திலும் ஒட்டவே வேண்டாம். அலுமினியம் ஸ்குரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், மேலே ஆக்சைடு படலம் பிடிக்கும், செம்போடு சேர்த்து முறுக்கினால் ஈரத்தில் அரிக்கும். மூன்றும் கடைசியில் லூஸ் காண்டாக்டில்தான் போய் முடியும். மீட்டரிலிருந்து மெயின் போர்டுக்கு வரும் ஒயரே அலுமினியமாகவோ ஒல்லியாகவோ இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டியிருக்கும். கூடவே, மின் இணைப்புக்கு எவ்வளவு லோடு அனுமதி வாங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். ஏசி, ஹீட்டர், அடுப்பு மூன்றும் சேரும்போது பல பழைய வீடுகளில் அது போதாது.

அடுப்புக்கு அருகில் டபுள் போல் சுவிட்ச் ஒன்று வேண்டும், 32 ஆம்பியர் அல்லது அதற்கு மேல். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அணைப்பது அதுதான். அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள். எண்ணெய் தீப்பிடித்தால் அந்தத் தீயைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டிவரும். பக்கவாட்டில், இரண்டு மீட்டருக்குள், கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். அந்த சுவிட்சிலிருந்து அடுப்பின் பின்புறம் தாழ்வாக ஒரு இணைப்புப் பெட்டிக்கு லைன் போகும். அங்கிருந்து அடுப்புக்குச் சூடு தாங்கும் ரப்பர் அல்லது சிலிக்கான் உறையுள்ள ஃபிளெக்சிபிள் ஒயர். சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்குத்தான் கணக்கு. ஓவனின் முதுகில் உரசிக்கொண்டு கிடந்தால் அதன் உறை சீக்கிரம் இறுகி விரிசல் விடும். அடுப்பை முன்னால் இழுத்துத் துடைக்கிற அளவுக்கு ஒயரை வளைத்துவிட்டு, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அந்த இழுவை நேராக டெர்மினல் ஸ்குரூவில் போய் விழும்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் ஒயரே இருக்காது. அல்லது அந்தக் காலத்து இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டிருப்பார்கள். பிறகு யாரோ பிளம்பர் நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப் மாற்றியிருப்பார். அன்றோடு எர்த் போச்சு, யாருக்கும் தெரியாது. முழுக்க உலோக உடம்பு கொண்ட அடுப்பு இது. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய், ஈரக் கை. ஃபேஸ் ஒயர் அளவுக்கே, 6 ஸ்கொயரிலேயே எர்த் ஒயரும் வரட்டும். அது மெயின் எர்த் வரை போய்ச் சேர்கிறதா என்பதை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

நிறத்தை நம்பியும் ஒயரைத் தொடாதீர்கள். பழைய முறையில் சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், மூன்று ஃபேஸ் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம். அதாவது நீலம் அன்று ஃபேஸ். புது ஃபிளெக்சிபிள் ஒயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். ஒரே பெட்டியில் இரண்டு காலத்து நீலமும் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய போர்டுகளில் இன்னொரு வழக்கம், ஃபேஸில் ஒரு ஃபியூஸ், நியூட்ரலில் ஒரு ஃபியூஸ். நியூட்ரல் ஃபியூஸ் போனால் அடுப்பு ஓடாது, ஆனால் உள்ளே ஃபேஸ் உயிரோடு இருக்கும். "கரண்ட் இல்லை" என்று நினைத்துக் கை வைத்தவர்கள் உண்டு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அடுப்பின் பின்னால் டெர்மினல் மூடியைத் திறந்தால் பொதுவாக எல்1, எல்2, எல்3 (ஃபேஸ்), என் (நியூட்ரல்), எர்த் என்று வரிசை இருக்கும். கூடவே சிறு பித்தளைத் தகடுகள், பாக்கெட்டிலோ மூடியின் ஓரத்திலோ. ஒரே ஃபேஸ் வீட்டில் எல் மூன்றையும் இந்தத் தகடுகளால் இணைத்து, அதில் ஃபேஸைக் கொடுக்க வேண்டும். நியூட்ரலுக்கான 'என்' இரண்டாக இருந்தால் அவற்றையும் இணைக்க வேண்டும். மூன்று ஃபேஸ் என்றால் எல்-களுக்கு நடுவில் உள்ள தகடுகள் கட்டாயம் கழன்றிருக்க வேண்டும். மறந்தால் ஃபேஸுக்கு ஃபேஸ் 400 வோல்ட் ஷார்ட். எந்தத் தகடு எங்கே என்பதற்கு மூடியின் உள்பக்கமே படம் ஒட்டியிருப்பார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும், போன வீட்டில் செய்ததை அல்ல.

இங்கே அனுபவசாலிகளும் வழுக்கும் ஒரு இடம் இருக்கிறது. சில அடுப்புகள் இரண்டு ஃபேஸுக்கென்று வரும், ஒவ்வொன்றிலும் 16 ஆம்பியர், பொதுவாக ஒரு நியூட்ரல். இரண்டும் வேறு வேறு ஃபேஸ் என்றால் நியூட்ரலில் சேரும் கரண்டும் 16 ஆம்பியர்தான், ஏனென்றால் அலைகள் 120 டிகிரி விலகி நிற்கின்றன. ஒரே ஃபேஸ் உள்ள வீட்டில் "இரண்டு 16 ஆம்பியர் எம்சிபி போட்டு இரண்டு எல்-லுக்கும் கொடுத்துவிட்டேன்" என்று செய்தால் இரண்டும் நேராகக் கூடும். நியூட்ரலில் 32 ஆம்பியர். அந்த நியூட்ரல் 2.5 ஸ்கொயராக இருந்தால் வெந்துபோகும், எந்த எம்சிபியும் விழாது. ஒரே ஃபேஸ் என்றால் ஒரே 32 ஆம்பியர் எம்சிபி, ஃபேஸும் நியூட்ரலும் ஒரே தடிமன். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஒயர் முனைகளுக்கு லக் (உலோக முனைக் குப்பி) போட்டு, அதை அழுத்தி நசுக்கி கிரிம்ப் செய்யட்டும். இழைகளை முறுக்கி ஈயம் வைத்து ஸ்குரூவில் முடுக்குவது பழைய பழக்கம், வேண்டாம். ஈயம் மெதுவாக அமுங்கும், ஸ்குரூ தளரும். முடுக்கியபின் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபிறகு மெயினை அணைத்து இன்னொரு முறை முடுக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெக்கர் (ஒயரின் மேலுறை கரண்ட்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து லைனைச் சோதிக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் லைனை ஏற்கக் கூடாது, புது ஒயர் அதைவிடப் பல மடங்கு காட்டும். கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் அவசியம். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது என்பதால் எர்த் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். அடுப்பின் நியூட்ரல் அதே ஆர்சிசிபி வழியாகத்தான் திரும்ப வேண்டும். பழைய வீடுகளில் இரண்டு மூன்று லைன்களுக்கு ஒரே நியூட்ரலைப் பங்கு போட்டிருப்பார்கள். அதோடு கலந்தால் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக, எல்லாம் சரியாகச் செய்தும் முதல் நாள் ஓவனைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தால் உடனே பதறாதீர்கள், அதைப் பைபாஸ் செய்யவும் விடாதீர்கள். ஹீட்டிங் எலிமெண்டின் உள்ளே கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் இருக்கும். அடுப்பு வெகுநாள் கிடங்கில் கிடந்திருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், கொஞ்சம் கரண்ட் உடம்புக்குக் கசியும். எலக்ட்ரீஷியன் தட்டுகளையும் ஓவன் எலிமெண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மெக்கரில் அளந்தால் எது என்று தெரிந்துவிடும். ஈரம்தான் காரணம் என்றால் காய வைத்ததும் அளவு ஏறும். ஏறாவிட்டால் அந்த எலிமெண்டே பழுது, அடுப்பு வாரண்டியில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.