பயம் மரபணுவுக்குள் போய்விட்டதா?

கேள்வி: 1995 ஒக்டோபர் இடம்பெயர்வின்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் சீலையைப் பிடித்தபடி சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்தது இன்றும் கனவில் வருகிறது. இப்போது என் 14 வயது மகளும் சின்னச் சத்தத்துக்கே திடுக்கிடுகிறாள். மன அழுத்தம் மூளையின் மரபணுவையே மாற்றிவிடும் என்கிறார்கள். என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்குமா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறியிராது. மாறக்கூடியது, மூளை அதை எவ்வளவு வாசிக்கிறது என்பதுதான்.

வெடிச்சத்தத்துக்கு நெஞ்சு படபடப்பது அதிரீனலின் வேலை, கெதியாக அடங்கிவிடும். பின்னால் வரும் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் ஆறுதலாக வேலை செய்யும். அது மூளைக் கலத்துக்குள் போய், அங்கே அதைப் பிடிக்கக் காத்திருக்கும் ‘வாங்கி’ என்ற புரதம் ஒன்றோடு ஒட்டும். இரண்டும் சேர்ந்து அந்தக் கலத்தின் கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.யில் குந்தி, சில மரபணுக்களின் வேலையைக் கூட்டும், சிலவற்றினதைக் குறைக்கும். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பசில் இந்த வாங்கிகள் நிறைய உண்டு. ‘கோர்ட்டிசோல் போதும்’ என்று சுரப்பிக்குத் தகவல் போவதும் இவற்றின் வழியாகத்தான்.

சரி, மகளின் விஷயத்துக்கு வருவோம். 2004இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகளின் ஹிப்போகாம்பசில், அந்த வாங்கிக்கான மரபணுவை அடக்கும் மெதைல் முத்திரை என்ற இரசாயன அடையாளம் குறைவாக இருந்தது. அதனால் வாங்கிகள் கூடி, அழுத்தம் வந்தாலும் அவை கெதியாக அடங்கின. குட்டிகளைத் தாய் மாற்றி விட்டபோது அந்த முத்திரை, குட்டியைப் பெற்ற தாயைப் போல அமையவில்லை, வளர்த்த தாயைப் போலவே அமைந்தது. வளர்ந்த எலியின் மூளையில் மருந்து செலுத்தி அதை மாற்றவும் முடிந்தது. எனக்குப் பெரிய நம்பிக்கை தரும் முடிவு இது. இதைப் படித்துவிட்டு ‘நான்தான் சரியாக வளர்க்கவில்லை’ என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள். எலி வேறு, மனிதர் வேறு. தாயின் பயம் கருமுட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்று மனிதரில் நிரூபிக்கப்படவும் இல்லை.

நான் கிளினிக்கில் பார்ப்பது இதைவிட எளிமையானது. கதவு படாரென்று அடித்தால் பிள்ளை முதலில் பார்ப்பது தாயின் முகத்தை. ஆகவே முதலில் உங்களைக் கவனியுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கட்டணமில்லை. கனவையும் திடுக்கிடுவதையும் அப்படியே சொல்லுங்கள். மகள் நித்திரையோ படிப்போ குழம்பித் தவித்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த முறை கோயிலில் வெடி கொளுத்தினால், பேசாமல் இருக்க வேண்டாம். “எனக்கும் பயம்தான் பிள்ளை, ஆனால் இது திருவிழா வெடி” என்று அவளுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள்.