கடன் வாங்கிக் கழிக்கிறது பசங்களுக்குப் புரியலைன்னா என்ன பண்ணலாம்?

ரெண்டாம் வகுப்புப் பசங்க 32-லேர்ந்து 17-ஐக் கழிக்கச் சொன்னா 25-னு எழுதுறாங்கன்னு கேட்டிருக்கீங்க. 2-லேர்ந்து 7 போகாதுன்னதும் திருப்பிப் போட்டு 7-லேர்ந்து 2-ஐக் கழிச்சிடுறாங்க, அவ்ளோதான். போர்டுல எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் இது மாறாது, கையில குச்சியைக் குடுங்க.

பத்துப் பத்துக் குச்சியா அவங்களையே எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்க, நீங்க கட்டிக் குடுத்துடாதீங்க, ஏன்னா கட்டுக்குள்ள பத்து இருக்குன்னு அவங்க விரலுக்குத் தெரியணும். இப்போ மூணு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு குச்சி எடும்மான்னா குழந்தை ரெண்டை எடுத்துட்டு முழிக்கும், கொஞ்ச நேரம் சும்மா இருங்க, அதுவே ஒரு கட்டைப் பார்க்கும், ரப்பர் பேண்டை மெதுவா உருவும், குச்சி பொலபொலன்னு கொட்டும். கடன் வாங்குறதுன்னா இதுதான்! பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு, மிச்சம் ரெண்டு கட்டுல ஒண்ணு போனா ஒண்ணு, 15.

ஆனா நேரா நோட்டுக்குத் தாவிடாதீங்க, நடுவுல கட்டையும் குச்சியையும் படமா வரைய விடுங்க. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜெரோம் ப்ரூனர் 1966-ல சொன்ன வரிசையும் இதுதான், முதல்ல செயல், அப்புறம் படம், கடைசியா குறியீடு. நாலு பேருக்கு ஒரு செட் போதும், ஆனா அவிழ்க்கிற வேலை எல்லார் கைக்கும் வரணும்.