அந்த ஓரக் குறிப்புகளில் கை வைக்காதீர்கள்

லண்டனில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பழைய புத்தகக் கடையில் யூதர்களின் மதச் சட்ட நூலான தால்முத்தின் தொகுதி ஒன்று வாங்கினேன், வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) அச்சானதாம். ஓரமெல்லாம் யாரோ பழுப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். அட்டை கழன்றுவிட்டது. சுத்தம் செய்து புது பைண்டிங் போட்டால் விலை கூடுமா?”

கூடாது, குறையத்தான் செய்யும். 1880களில் ராம் அச்சகம் வெளியிட்ட வில்னா தால்முத்தும் அதன் மறுபதிப்புகளும் நிறையவே கிடைக்கின்றன, ஆனால் உங்கள் பிரதியில் இருக்கும் அந்தக் கையெழுத்து உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பைண்டிங் போடுபவர் பெரும்பாலும் முதலில் ஓரத்தை மட்டமாக வெட்டிவிடுவார். அப்படி வெட்டுப்பட்ட ஒரு பிரதியைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இடப்பக்க ஓரத்தில் வரிக்கு வரி கடைசி இரண்டு மூன்று எழுத்துகள் போயிருந்தன, ஹீப்ரு வலமிருந்து இடமாகப் போவதால் ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் நின்றது. இன்னும் மனசு ஆறவில்லை.

யூத மரபில் ஓரக் குறிப்பு என்பது படிப்பின் ஒரு பகுதி. 1837இல் மறைந்த ரபி (யூத மதகுரு) அகிவா ஏகர் தன் தால்முத் ஓரத்தில் எழுதி வைத்தவைதான் பின்னால் அச்சேறி, வில்னா பதிப்பின் பக்கங்களிலேயே இடம்பிடித்தன. உங்கள் புத்தகத்திலும் குறிப்புகளின் தொடக்கத்தில் நூன், பெத் என்ற இரண்டு ஹீப்ரு எழுத்துகளும் நடுவில் இரட்டைக் கோடும் இருக்கிறதா பாருங்கள். ‘பக்கத்தில் எழுதியது’ என்பதன் சுருக்கம் அது. இருந்தால், எழுதியவர் மூலத்தைத் திருத்தியோ விளக்கியோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, சும்மா கிறுக்கல் என்று தள்ளிவிட முடியாது.

அப்புறம் முதல் தாளையும் அட்டையின் உள்பக்கத்தையும் பாருங்கள், சொந்தக்காரர் பெயர் அங்கேதான் இருக்கும். ‘பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது’ என்ற பைபிள் சங்கீத வரியை எழுதி, அதன் கீழே தன் பெயரைப் போடுவது பழைய வழக்கம். அச்சான ஆண்டு ஹீப்ரு எழுத்துகளில் இருக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. அவற்றின் மதிப்பைக் கூட்டி 1240 சேர்த்தால் நம் ஆண்டு வரும், 640 என்றால் 1880. யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் ஒரு வருடம் முன்னே பின்னே ஆகலாம்.

பழுப்பு மை பெரும்பாலும் இரும்பு சேர்ந்த மையாக இருக்கும், ஈரம் ஆகவே ஆகாது. செலோடேப்பும் லேமினேஷனும் வேண்டாம். கழன்ற அட்டையைப் பருத்தி நாடாவால் லேசாகக் கட்டி, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்கை வாட்டில் வையுங்கள். எழுத்துள்ள ஒவ்வொரு பக்கத்தையும் ஓரம் முழுக்கத் தெரியும்படி படமெடுத்து, ஹீப்ரு கையெழுத்து படிக்கத் தெரிந்த நூலகர் ஒருவரிடம் காட்டுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.